வெறும் போத்தலில் ஈயம்

போன மாதம் ஆய்வுகூடத்திலிருந்து எனக்குத் தொலைபேசியில் கோல் எடுத்தார்கள். புதிய மெஷின் வந்திருக்கிறது, வந்து பாருங்கள் அக்கா என்றார்கள். நான் ஓய்வு பெற்று மூன்று வருடமாகிறது. போவதா விடுவதா என்று இரண்டு நாள் யோசித்தேன். நாலு பேர் நிற்கும் இடத்துக்குப் போவதென்றால் எனக்கு இன்றைக்கும் கை வியர்க்கும். கடைசியில் மெஷினைப் பார்க்கும் ஆசைதான் வென்றது.

என்ன மெஷின்! மெல்லிய குழாய் ஒன்று வண்ணத்துப்பூச்சி தேன் உறிஞ்சுவது போலத் தண்ணீரை உறிஞ்சுகிறது. இரண்டு நிமிடம் கூட இல்லை. ஈயம் எவ்வளவு, கட்மியம் எவ்வளவு என்று திரையில் எழுத்து வந்து நிற்கிறது. எங்கள் காலத்தில் போத்தல்களை ஐஸ் பெட்டியில் அடுக்கிக் கொழும்புக்கு அனுப்பிவிட்டு ஆறு கிழமை, ஒன்றரை மாதம், வாசலைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

அங்கே வேலை செய்யும் பிள்ளை முதலில் வெறும் போத்தலை வைத்தது. ஈயம் இல்லை என்று திரை சொன்னது. நான் என்னை மறந்து கை தட்டிவிட்டேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“அக்கா, அது வெறும் போத்தல். ஒண்டும் வராதுதானே. இனித்தான் சாமான் வரப்போகுது” என்று அந்தப் பிள்ளை சிரித்தது.

எனக்கு முகம் சுட்டது. இப்போது பொறுப்பாக இருக்கும் ஐயா மட்டும் சிரிக்கவில்லை. “ஏன் கை தட்டினீங்க எண்டு எழுதித் தாங்க அக்கா, எங்கட ஆண்டு மலரில போடுவம். நீங்க எழுதுங்க, பிழை இருந்தா நாங்க திருத்துறம்” என்றார். எனக்கு ஐந்தாம் வகுப்பு மட்டும்தான். வாயால் சொல்லக் கூச்சப்படுகிற எனக்குக் கடதாசி பரவாயில்லை. அதனால் எழுதுகிறேன்.

என் ஊர் சித்தாண்டி. கலியாணம் முடித்து வாவிக்கரைக்கு வந்தேன். என் மனிசன் மீன் பிடித்தவர். அவர் காலமான பிறகு கூட்டிப் பெருக்கும் வேலைக்கென்று ஆய்வுகூடத்தில் சேர்ந்தேன். தினக்கூலி. ஆறு மாதத்தில் கூட்டுமாற்றைப் பறித்துவிட்டு என் கையில் போத்தலைத் தந்தவர் டொரின் மிஸ்.

டொரின் மிஸ் மட்டக்களப்பு டவுன் பறங்கிப் பெண்மணி. எப்போதும் முழங்காலுக்குக் கீழே வரும் கவுண், காதிலே ஒரு பென்சில். பேனையைத் தொடமாட்டா. தண்ணீர் பட்டால் மை ஓடிவிடும், பென்சில் ஓடாது என்பா. குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கவுண் ஓரத்தில் துடைப்பா. துடைக்கத் துடைக்க நாங்கள் ஒவ்வொருவராக வெளியே நழுவுவோம். யார் எதைப் போய்ச் சொன்னாலும் அவ கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்.

“கண்டதா, நினைச்சதா?”

“மிஸ், குழாய் பூட்டிக் கிடக்கு.”

“கண்டதா, நினைச்சதா?”

நினைத்தது என்றால் திரும்பிப் போய்ப் பார்த்துவிட்டு வரவேண்டும். பெரிய படிப்புப் படித்த ஐயாமாரையும் இப்படித்தான் கேட்பா. அவர்களும் திரும்பிப் போவார்கள். எனக்கு அதைப் பார்க்க உள்ளுக்குள் ஒரே சந்தோசம்.

போத்தல் கழுவுவதை மிஸ் பழக்கிய விதத்தைச் சொல்ல வேண்டும். முதலில் சவர்க்காரம். பிறகு குழாய்த் தண்ணீர், தண்ணீர் வழுக்காமல் ஓடுமட்டும். அதன் பிறகு அசிட் தொட்டியில் ஒரு முழு நாள் மூழ்கிக் கிடக்க வேண்டும். எடுத்ததும் காய்ச்சி வடித்த தண்ணீரால் மூன்று தரம் அலச வேண்டும். துணியால் துடைக்கக் கூடாது, கவிழ்த்து வைத்தால் தானாகக் காயவேண்டும். மூடியின் உள்பக்கத்தில் விரல் படக் கூடாது. காப்பும் மோதிரமும் கழற்றவேண்டும். ஒரு நாள் முகத்துக்குப் பவுடர் போட்டுக்கொண்டு போய்விட்டேன். மிஸ் வாசலிலேயே மறித்தா.

“பாக்கியம், அந்தப் பவுடருக்குள்ள நாகம் கிடக்கு.”

நான் பாம்பென்று பதறிச் சேலையை உதறினேன். நாகம் என்பது துத்தநாகம், ஒரு உலோகம் என்று மிஸ் சொன்னது, சிரித்து முடிந்த பிறகுதான். அன்றிலிருந்து ஓய்வு பெறும் நாள் வரைக்கும் வேலை நாளில் நான் பவுடர் பூசவில்லை.

இனி வெறும் போத்தல். வெளியில் மாதிரி எடுக்கப் போகும்போது ஒரு போத்தலில் காய்ச்சி வடித்த தண்ணீரையே நிரப்பிக் கூடவே கொண்டுபோவோம். மற்றப் போத்தல்களைத் திறக்கும் இடத்தில் அதையும் திறப்போம். மற்றவைக்கு என்ன செய்வோமோ அதற்கும் அதையே செய்து கொண்டு வருவோம். அதற்குள் ஒன்றும் இருக்கக் கூடாது. இருந்தால் எங்கள் கையிலோ போத்தலிலோ அழுக்கு என்று அர்த்தம். “இது வாய்க்காலைச் சோதிக்கிற போத்தல் இல்ல பாக்கியம், எங்களைச் சோதிக்கிறது” என்பா மிஸ். நான் அதற்கு மனதுக்குள் சாட்சி என்று பெயர் வைத்திருந்தேன். சாட்சியைச் சுமப்பது எப்போதும் நான்தான். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அந்தப் பெருமையைத்தான் வாய்க்கால் தின்றது.

வாவிக்குப் போய் விழும் ஒரு வாய்க்காலின் கரையில் பழைய வாகனப் பற்றரிகளை உடைத்து ஈயம் உருக்கும் பட்டறை ஒன்று இருந்தது. அதற்குக் கீழே வாய்க்காலுக்குள்ளேயே கங்குன் கீரைப் பாத்திகள். அதற்கும் கீழே ஒரு வட்டை முழுக்க வயல். கங்குன் இலையின் ஓரம் நெருப்புப் பட்டது போலக் கருகுகிறது என்று முறைப்பாடு வந்தது. பட்டறையிலிருந்து ஒரு சொட்டுக் கூட வெளியே வருவதில்லை என்று அவர்கள் எழுதிக் கொடுத்திருந்தார்கள். மாதிரி எடுக்க மிஸ்ஸும் நானும் ஜீப் ஓட்டும் இஸ்மாயில் காக்காவும் போனோம்.

கங்குன் பாத்திக்காரி வள்ளியக்கா இடுப்புத் தண்ணீரில் நின்று கீரை அரிந்துகொண்டிருந்தா. என்னைத் தெரியும். வாய் கொஞ்சம் பெரிது.

“என்னகா பாக்கியம், போத்தல் போத்தலா அள்ளுறீங்க? சோடா அடைச்சு விக்கப் போறீங்களா?”

“ஓம் வள்ளியக்கா, ரெண்டு பிடி கீரையும் தாங்க, கீரைச் சுண்டலும் போட்டு விப்பம்” என்றார் இஸ்மாயில் காக்கா.

“சுண்டலுக்கு மாசிக் கருவாடு வேணும் காக்கா, கொண்டந்தீங்களா?” என்று கேட்டுச் சிரித்தவ, மிஸ் அப்பால் போனதும் என் பக்கம் குனிந்தா. சிரிப்பு இல்லை. “இந்த வாய்க்காலில நீந்தின என்ட தாரா மூணும் கழுத்தைத் தொங்கப் போட்டித்துச் செத்துப் போச்சு புள்ள. ஆனா நீங்க நஞ்செண்டு எழுதினா என்ட கீரையை ஆரு வாங்குவா? எழுதாம விட்டா ஊர் தின்னும். நான் என்ன செய்ய?”

நான் அடுத்த போத்தலை நிரப்பினேன்.

பன்னிரண்டு இடத்தில் பன்னிரண்டு போத்தல். பன்னிரண்டாவது இடத்தில் சாட்சியைத் திறந்து வரம்பில் வைத்துவிட்டு வாய்க்காலுக்குக் குனிந்தேன். கால் வழுக்கியது. சேலைத் தலைப்புப் பட்டுச் சாட்சி சரிந்தது. நான் எழும்பிப் பிடிக்குமுன் வரம்பு மண் அவ்வளவையும் குடித்துவிட்டது.

மிஸ் பட்டறை வாசலில் மேலாளரோடு கதைத்துக்கொண்டு நின்றா. சுற்றிவர ஆட்கள். அத்தனை பேருக்கு முன்னால் போய் “மிஸ், ஊத்துப்பட்டுப் போச்சு” என்று சொல்ல வேண்டும். அதுவும் எந்தக் கிழமையில்? என்னை நிரந்தரமாக்கும்படி மிஸ் எழுதிய கடிதம் மேலிடத்துக்குப் போயிருந்த கிழமையில். நான் ஜீப்புக்கு ஓடினேன். காய்ச்சி வடித்த மிச்சத் தண்ணீர் இருந்த கான் வெறுமையாகக் கிடந்தது.

“காக்கா, இதுக்குள்ள இருந்த தண்ணி?”

“அதா புள்ள? ஜீப் பற்றரிக்குத் தண்ணி குறைஞ்சிருந்திச்சு, ஊத்தித்தன். பற்றரிக்கு ஊத்துறதும் உங்கட தண்ணியும் ஒண்டுதானே?”

ஒன்றுதான். அவரில் பிழை சொல்ல முடியாது. ஏன் கேட்டாய் என்று அவர் கேட்கவுமில்லை, நான் சொல்லவுமில்லை.

என் பையில் நான் குடிக்கக் கொண்டுபோன போத்தல் இருந்தது. மழைத் தண்ணீர். வாவிக்கரைக் கிணறுகளில் உப்புச் சுவை. ஆகவே மாரி மழையைக் கூரையிலிருந்து பீப்பாவில் பிடித்து வைத்துக் குடிப்போம். வானத்திலிருந்து விழுகிற தண்ணீர். மிஸ் காய்ச்சி வடிப்பதும் ஆவியாக்கித் தண்ணீராக்குவதுதானே, வானம் செய்வதும் அதுதானே என்று என் ஐந்தாம் வகுப்பு மூளை கணக்குப் போட்டது. மூன்று தரம் அலசி, நிரப்பி, மூடினேன். உலோகம் போத்தலில் ஒட்டாமல் இருக்க, ஜீப்பில் மிஸ் பதின்மூன்று போத்தலுக்கும் அசிட் சொட்டு விட்டா. சாட்சிக்கு விடும்போது நான் வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆறு கிழமை கழித்து முடிவு வந்தது. வாய்க்காலில் ஈயம். மிஸ் எதிர்பார்த்தபடியே பட்டறைக்குக் கீழே கூடி, வயல் பக்கம் குறைந்து வந்தது. எல்லாம் சரி. கடைசி வரியில் வெறும் போத்தல். அதிலும் ஈயம்! கொஞ்சநஞ்சமல்ல, வயலோரத்து இரண்டு போத்தலை விடவும் அதிகம்.

மிஸ் காதிலிருந்து பென்சிலை எடுத்து மேலிருந்து கீழாக ஒரே கோடு கீறினா.

“பதிமூணும் குப்பை.”

மேலிடத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். “மிஸ், பட்டறைக்காரன் செய்யிறதெண்டு ஊருக்கே தெரியும். அந்த வெறும் போத்தலை விட்டித்து மற்றதை அனுப்புவம்” என்றார்.

“அதை விட்டித்து எழுதினா நானும் பட்டறைக்காரனும் ஒண்டு” என்றா மிஸ். கண்ணாடி துடைபட்டது. பெரியவர் தேநீர் குடிக்காமலே போய்விட்டார்.

அதன் பிறகு மூன்று நாள். மிஸ் யாரையும் ஏசவில்லை. அசிட் தொட்டியைக் கொட்டிப் புதிதாக நிரப்பினா. வடிக்கும் கருவியைக் கழற்றிப் போட்டா. மூன்றாம் நாள் மத்தியானம் நான் உள்ளே போனபோது தொட்டியடியில் நின்று போத்தல் கழுவிக்கொண்டிருந்தா. என் வேலை! கவுண் கையை மடித்து, விரல்கள் சிவந்து போய். மேசையில் பென்சிலால் எழுதிய கடிதம் ஒன்று. இந்த வேலைக்கு இந்த ஆய்வுகூடம் தகுதியில்லை, வேறிடத்துக்குக் கொடுங்கள் என்று எழுதியிருந்தது. எனக்கு வாசிக்கத் தெரியும் என்பதை மிஸ் மறந்துவிட்டா போல.

“பிழை எங்கெண்டு எனக்குத் தெரியல்ல பாக்கியம். வயசு போயித்து. இந்தப் போத்தலெல்லாத்தையும் எறியப் போறன்.”

மூன்று நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன்.

“மிஸ், போத்தலில பிழையில்ல. வெறும் போத்தலுக்குள்ள இருந்தது உங்கட தண்ணியில்ல.”

மிஸ் திரும்பாமலே கேட்டா. “கண்டதா, நினைச்சதா?”

“செஞ்சது, மிஸ்.”

எல்லாவற்றையும் சொன்னேன். வழுக்கியது, சரிந்தது, ஜீப் பற்றரி, என் குடிதண்ணீர். நிலத்தைப் பார்த்தபடியே சொன்னேன். மிஸ் கண்ணாடியைக் கழற்றினா. துடைத்தா. நான் போவதற்கு ஆயத்தமாகப் பையையும் எடுத்துவிட்டேன்.

துடைத்துக்கொண்டிருந்த கை பாதியில் நின்றது.

“அப்ப உன்ட குடிக்கிற தண்ணிக்குள்ள ஈயம் எப்பிடி வந்த?”

நான் அதை யோசிக்கவே இல்லை! மூன்று நாளும் என் வெட்கத்தையே யோசித்துக்கொண்டிருந்தேன். மிஸ் ஈரக் கையோடு வெளியே ஓடினா. “இஸ்மாயில்! ஜீப்பை எடு!” என்ற சத்தம் பக்கத்துக் கந்தோரில் எழுதிக்கொண்டிருந்தவர்களுக்கும் கேட்டது.

என் வீட்டு வாசலில் ஜீப் நின்றபோது மகள் சுதா பயந்துபோனாள். எனக்கு ஏதும் நடந்துவிட்டது என்று நினைத்தாளாம். மிஸ் நேரே பின்பக்கம் போனா. கூரையின் தண்ணீர் இறங்கும் இடத்தில் நீலப் பீப்பா. பக்கத்தில் உரலைக் கவிழ்த்து, கவுணைத் தூக்கிச் செருகிக்கொண்டு அதன்மேல் ஏறினா. அயலட்டைச் சனம் வேலியால் எட்டிப் பார்த்தது. பீப்பாவின் வாய் விளிம்பு உள்பக்கம் மடிந்திருக்கும். அந்த மடிப்புக்குள் வெள்ளைத் துணி ஒன்றை விட்டுத் துடைத்து எடுத்தா. துணியில் சாம்பல் நிறத்தில் களி.

“இதென்ன பீப்பா?”

“அவர் கொண்டந்த மிஸ். பட்டறையில வேலை செய்யிற ஆக்களுக்கு ஆளுக்கொண்டு குடுத்த” என்றாள் சுதா. என் மருமகன் குகன் அந்தப் பட்டறையில்தான் வேலை.

“புளியும் சாம்பலும் போட்டு நாலு தரம் கழுவின நான் மிஸ்” என்றேன். எனக்கு அழுகை வந்தது.

“நீ கழுவினாச் சுத்தம்தான் பாக்கியம். உன்ட கை இந்த மடிப்புக்குள்ள போகாது.”

அந்த நேரம் பார்த்து மூன்று வயதுப் பேத்தி குவளையோடு வந்து பீப்பாக் குழாயைத் திருகினாள். தண்ணீர் நிரம்பியது. வாய்க்குக் கொண்டு போனாள்.

“ஊத்து!” என்று மிஸ் கத்தினா. குரலை உயர்த்தாத மிஸ். பிள்ளை குவளையைப் போட்டுவிட்டு வீறிட்டது. மிஸ் உரலிலிருந்து இறங்கி ஓடிப்போய் அதைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டா. பிறகு அங்கே பேச்சு முடியுமட்டும் இறக்கவில்லை. வயிறு நோகுது, வயிறு நோகுது என்று அந்தப் பிள்ளை அடிக்கடி சிணுங்கும். பூச்சி என்று நாங்கள் வேப்பிலை அரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

குகன் வேலை முடிந்து வந்தார். முற்றத்தில் ஜீப், வேலியெல்லாம் தலைகள், மிஸ்ஸின் இடுப்பில் தன் பிள்ளை.

“இதுக்குள்ள முந்தி என்ன இருந்த?” என்று மிஸ் கேட்டா.

“பற்றரி கழுவின தண்ணி, மிஸ்.”

“அதை எங்க ஊத்தின?”

குகன் என்னைப் பார்த்தார். “மாமி, வேலை போயிடும்.”

“மகன், என்ட வேலையும் இப்ப மத்தியானம்தான் போச்சு. சொல்லுங்க” என்றேன்.

இஸ்மாயில் காக்கா சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பில் குகனுக்கும் வாய் திறந்தது. கிழமைக்கு ஒரு விடியற்காலை, பீப்பாக்களை உருட்டிக்கொண்டு போய் மருதமரத்தடியில் வாய்க்காலுக்குள் கவிழ்ப்பது அவருடைய வேலையாம். நாங்கள் போத்தலோடு போய் வந்த பிறகு அது நின்றுவிட்டதாம். உள்ளே சீமெந்துக் குழி கட்டிக்கொண்டிருக்கிறார்களாம். அதற்கெல்லாம் முன்பே, ஓட்டை விழுந்த பீப்பாக்களை அடைத்துக்கொள்ளச் சொல்லி வேலையாட்களுக்குக் கொடுத்தார்களாம். ஏழு வீட்டில் நிற்கிறது.

ஏழு வீட்டுப் பீப்பாவும் அன்று பின்னேரமே சரிந்தது. வைத்தியசாலையில் பேத்திக்கு இரத்தம் எடுத்தார்கள். ஈயம் இருந்தது. நேரத்தோடு கண்டுவிட்டீர்கள், அந்தத் தண்ணீரை நிறுத்தினால் குறையும் என்று டொக்டர் சொன்னார். மாதா மாதம் காட்டினோம். குறைந்தது. வயிற்று நோவும் போனது.

ஆனால் வாய்க்கால் கதை முடியவில்லை. “பாக்கியம், உன்ட வாய் வார்த்தையால அந்தப் பதிமூணு போத்தலும் சுத்தமாகாது. திரும்ப முதலிலயிருந்து” என்றா மிஸ்.

“இப்ப ஊத்துறதை நிப்பாட்டித்தாங்களே மிஸ். தண்ணி ஓடிப் போயிருக்கும்.”

“தண்ணி ஓடும். சேறு ஓடுமா?”

மருதமரத்தடிக்குப் போனோம். குகன் இடத்தைக் காட்டினார். பிளாஸ்ரிக் குழாய் ஒன்றைச் சேற்றுக்குள் குத்தி இறக்கி, மேல் வாயை உள்ளங்கையால் பொத்தி, அப்படியே உருவினோம். பலகையில் வைத்துத் தடியால் தள்ளியதும் சேறு ஒரு முழ நீளத்துக்குக் கட்டி குலையாமல் வந்தது. மேலே மண்ணிறம். கீழே சாம்பல் கோடு, மண், சாம்பல் கோடு, மண்! ஒவ்வொரு விடியற்காலையும் அங்கே படுத்திருந்தது.

“பாத்தியா பாக்கியம், பாத்தியா!” மிஸ் சேற்றுக்குள் முழங்காலில் இருந்தா. கவுண் போய்விட்டது. “கண்டதா?”

“கண்டது மிஸ்!” நானும் கத்தினேன். வள்ளியக்கா மறுகரையில் அரிவாளோடு நின்று எங்களுக்குப் பேய் பிடித்துவிட்டதோ என்று பார்த்தா.

இரும்பு படாமல் பிளாஸ்ரிக் கத்தியால் துண்டு போட்டோம். கங்குனை வேர், தண்டு, இலை என்று வேறு வேறாகப் பிரித்தோம். வட்டையில் கீழ் வயல் நெல் ஒரு பை. ஒப்பிட்டுப் பார்க்க, பட்டறை இல்லாத வவுணதீவுப் பக்கம் போய் அங்கத்தைய சேறு, கீரை, நெல். வெறும் போத்தல் இந்தத் தரம் இரண்டு. ஒன்றை மிஸ் பிடித்தா, மற்றதை நான். என்னிடம் அதைத் தருமுன் மிஸ் மூடியை இறுக்கிப் பார்த்தா. தந்தா, அவ்வளவுதான். நான் அதை ஒரு கையால் மார்போடு அணைத்துக்கொண்டே நடந்தேன். மற்றக் கையால், காக்கா ஊற்றிவிடாதபடி, தண்ணீர்க் கானையும் பிடித்துக்கொண்டேன். மூன்றாவதாக, சரிக்குமுன் எடுத்து வைத்த என் வீட்டுப் பீப்பாத் தண்ணீர். அதற்கு அதன் பெயரையே எழுதினோம்.

அந்த ஆறு கிழமை! அனுப்பிய பிள்ளைக்குக் கலியாணம் பேசிக் காத்திருப்பது போல. கடைசியில் கொழும்பிலிருந்து கோல் வந்தது. மிஸ் ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு பென்சிலால் எழுதி எழுதிச் சத்தமாக வாசித்தா.

“வெறும் போத்தல் ஒண்டு, இல்ல. வெறும் போத்தல் ரெண்டு…” நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தா. “இல்ல!”

நான் அப்படியே நிலத்தில் குந்திவிட்டேன். இஸ்மாயில் காக்கா மேசையில் றபான் மேளம் அடித்தார். மிச்சமெல்லாம் பிறகுதான் கேட்டேன். மருதமரத்துச் சேற்றில் ஈயம், கங்குனின் வேரில் அதிகம், இலையில் அதைவிடக் குறைவு, ஆனாலும் தின்னக் கூடாத அளவு. கீழ் வயலில் வாய்க்காலோரத்து இரண்டு வரவைத் துண்டு நெல்லில் கொஞ்சம். வவுணதீவில் இல்லை. பீப்பாத் தண்ணீரில், ஓம், இருந்தது.

விசாரணை வைத்தார்கள். நீள மேசை, அதிகாரிகள், பட்டறை சார்பில் கறுப்புக் கோட் போட்ட ஒருவர். வள்ளியக்காவும் வயல்காரரும் சுவரோரம் நின்றார்கள். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். அந்த ஆள் எங்கள் முதல் முடிவின் பிரதி ஒன்றை எங்கிருந்தோ எடுத்து வைத்திருந்தார்.

“இவங்கட வெறும் போத்தலிலேயே ஈயம். இவங்களே கோடு கீறிக் குப்பையெண்டு போட்ட காகிதம். இந்த ஆய்வுகூடத்தை நம்பியா ஒரு தொழிலை மூடச் சொல்றீங்க?”

எல்லாரும் மிஸ்ஸைப் பார்த்தார்கள். மிஸ் எழும்பவில்லை.

“அந்தப் போத்தலை நிரப்பினது நானில்ல. நிரப்பின ஆளிட்டக் கேளுங்க.”

என் கை வியர்த்த வியர்வை! கதவுக்குப் பின்னாலிருந்து மேசையடிக்கு வரப் பத்து அடி இருக்கும். வந்தேன். யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. மேசையில் இருந்த தண்ணீர்க் கிளாசைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

“ஐயா, அந்தப் போத்தல் பொய் சொல்லல்ல. பொய் சொன்னது நான். தண்ணியைக் கொட்டித்து, வெக்கத்தில சொல்லாம, நான் குடிக்கிற தண்ணியை ஊத்தின நான். அது உங்கட பட்டறைப் பீப்பாத் தண்ணி. அதைத்தான் என்ட பேத்தியும் குடிச்ச. போத்தல் சரியாத்தான் சொல்லியிருக்கு.”

 கதிரைகளை விலக்கிக்கொண்டு பின்னால் நின்ற குகன் முன்னுக்கு வந்தார். “பீப்பா நான் கொண்டந்த. வாய்க்காலுக்குள்ள ஊத்தினதும் நான்தான்” என்றார். அவருக்குப் பின்னால் மற்ற ஆறு வீட்டு ஆண்களும் வந்து நின்றார்கள்.

பட்டறையை அந்தக் கரையிலிருந்து எடுக்கச் சொல்லித் தீர்ப்பு வந்தது. வாய்க்காலின் அந்தத் துண்டை வற்ற வைத்துச் சேற்றை அள்ளினார்கள். கங்குன் பாத்தி முழுவதும் வேரோடு போனது. வள்ளியக்கா ஒரு வருடம் என்னோடு கதைக்கவில்லை. சந்தையில் கண்டால், “உன்ட போத்தல் என்ட கீரையைத் தின்னித்து” என்று எல்லாருக்கும் கேட்கச் சொல்லுவா. பிறகு மேல் வாய்க்காலில் இடம் கிடைத்தது. முதல் அறுவடையில் ஒரு கட்டைக் கொண்டுவந்து என் மடியில் போட்டா. “இந்தா, சோதிச்சித்துத் தின்னு.” சோதித்துத்தான் தின்றோம்.

குகன் இப்போது நெல் ஆலையில் வேலை. பேத்தி கணக்கில் கெட்டிக்காரி.

என் நிரந்தர நியமனம் ஒரு வருடம் பிந்தியது. மிஸ்தான் பிந்த வைத்தா. நான் செய்த பிழையை எழுதி மேலிடத்துக்கு அனுப்பி, எனக்கு எச்சரிக்கைக் கடிதம் எடுத்துத் தந்தா. தன் கையாலேயே தந்தா. நியமனக் கடிதம் எங்கே வைத்தேன் என்று இப்போது தேடினாலும் கிடைக்காது. எச்சரிக்கைக் கடிதம் அலுமாரியில், சேலைகளுக்கு அடியில் இருக்கிறது. இதை எழுதுவதற்காக இன்று எடுத்துப் பார்த்தேன். மாதிரிப் போத்தலில் வேறு நீரை ஊற்றினார் என்று தட்டச்சில் இருக்கிறது. அதன் கீழே, தன் தவறைத் தானே கூறினார் என்று ஒரு வரி. மை கொஞ்சம் மங்கிவிட்டது. அந்த வரிக்குப் பக்கத்தில் மிஸ் பென்சிலால் எழுதிய ஒரு சொல் மட்டும் அப்படியே இருக்கிறது.

கண்டது.